கனகலிங்கம் ஒன்று, கனகலிங்கம் இரண்டு

தங்கமணி படிப்பை விட்டாளா, படிப்பு தங்கமணியை விட்டதா என்பதில் அவள் சொந்த ஊரான ஜெஞ்சாரோமில் இரண்டு கட்சி உண்டு. கணக்குச் சோதனைத் தாளில் விடைக்குப் பதிலாகத் தலைமையாசிரியரைப் படம் வரைந்து, 'மூக்குக்கு மட்டும் தனியாகப் புள்ளி போடவும்' என்று கீழே குறிப்பும் எழுதிவைத்தவளை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. தோட்டத்தில் வேலை செய்த அப்பாவின் தோளில் செம்பனை மரத்துக் குலை விழுந்து அவர் படுக்கையில் கிடந்த வருடம்தான் அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள் என்பது இன்னொரு கட்சி. தங்கமணி எப்போதும் முதல் கட்சிக்கே ஓட்டுப் போடுவாள். அதில் சிரிப்பாவது இருந்தது.

1992இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. நகரத்துக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் தங்கி, அங்கேயே ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அழைப்பு எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் பிறந்தன. விரல் வேகமானது. வாய் அதைவிட வேகமானது.

அச்சக முதலாளி ராதாகிருஷ்ணன் எந்தத் தாளையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு நாள் அவருக்கும் அவருடைய சொந்த மனைவிக்கும் மறுபடியும் கல்யாணம் என்று ஒரு பத்திரிகை அடித்து, மற்ற தாள்களோடு சேர்த்து நீட்டினாள். 'அச்சிடலாம்' என்று எழுதி நீட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சின்னையா மட்டும் பார்த்திராவிட்டால் இருநூறு பிரதி ஓடியிருக்கும்.

சின்னையா அங்கே பிழை பார்ப்பவர். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிழை பார்க்கும் முறை, கூட உட்காருகிறவருக்குத் தண்டனை. ஒருவர் மூலத்தைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் அச்சுத் தாளைச் சத்தமாக வாசிப்பார். எழுத்தை மட்டுமல்ல, "சுபமுகூர்த்தத்தில் கமா, பெரியோர்கள் நிச்சயித்தபடி கமா, அடுத்த வரி" என்று புள்ளியையும் வரியையும் சேர்த்து வாசிப்பார். மூலத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தங்கமணியின் தலையெழுத்து. அவர் இருமினால் வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். "கப்பு கழுவ வச்சேன், நீங்க குடிச்சிட்டீங்க" என்று சொல்லிக்கொள்வாள்.

அந்தத் தண்டனைக்கு ஒரு நாள் விடுதலை வந்தது. ராதாகிருஷ்ணனின் அண்ணன் மகன் விஜயன் பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். அவன் தானே எழுதிய ஒரு புரோகிராமை டிஸ்கெட்டில் கொண்டுவந்தான். அதற்கு 'ஒப்பு' என்று பெயர். படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் 'ஒப்பு' என்று அடித்து, இடம் விட்டு ஒரு கோப்பின் பெயர், இன்னும் ஓர் இடம் விட்டு இன்னொரு கோப்பின் பெயர். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான். அடித்து முடித்தால், இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தது போல, திரை வெள்ளையாகி, இரண்டு பக்கமும் ஒரே பக்கமாக வரும். இரண்டிலும் ஒன்றாக இருப்பது கறுப்பாகவே நிற்கும். பழையதில் மட்டும் இருப்பது சிவப்பு. புதியதில் மட்டும் இருப்பது நீலம்.

"ஓ, கலர் வந்தா தப்பு, வராட்டி சரி. அவ்ளோதானே?" என்றாள் தங்கமணி.

"அப்படி இல்ல, என்னன்னா..." என்று விஜயன் ஆரம்பித்தான்.

"டேய், வாழை இலைச் சாப்பாடு ஆறுது, வாடா!" என்று ராதாகிருஷ்ணன் அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மீதியை விஜயன் சொன்னது மூன்று வாரம் கழித்துத்தான்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் கனகலிங்கத்தின் நினைவு மலர் வந்தது.

கனகலிங்கம் ஸ்காட் சாலைப் பக்கம் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அவர்கள் வழக்கத்தில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளன்று, வந்தவர் கையில் எல்லாம் ஒரு மலர் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, அப்புறம் 'அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும்' என்று நீளுகிற ஒரு பக்கம். சடங்குக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்பது தேவாரத்தைவிட முக்கியம்.

மகன் விநாயகமூர்த்தி வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குணபூசணியின் அன்புக் கணவர், விநாயகமூர்த்தியின் பாசமிகு தந்தை. ஒரே பிள்ளை. தங்கமணி அடித்து, சின்னையா பிழை பார்த்த பிறகு, 'கனகலிங்கம்1' என்று பெயர் கொடுத்து டிஸ்கெட்டில் எடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான வெயிலில், குடையோடு குணபூசணியே வந்தார். கையில் நாட்காட்டியில் கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது.

"பிள்ளை, புத்தகத்தில ஒரு வரி சேர்க்கவேணும்."

"சொல்லுங்க ஆன்டி."

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். சிவமலர். கிள்ளானில. ஒரு லோரிக்காரரைக் கட்டினவள். என்ர மனுசன் இருக்கேக்க அந்தப் பேரை வீட்டில சொல்ல விடேல்லை." சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார். "இப்ப அவர் இல்லை."

"உங்க மகனுக்குத் தெரியுமா ஆன்டி? அப்புறம் எங்க பாஸைப் பிடிச்சு ஏசுவாரு."

"சொல்லிப்போட்டன். அவன் வாயே திறக்கேல்லை. வாய் திறக்காட்டிச் சம்மதம்தானே? மகளுக்கும் சொல்லி அனுப்பிட்டன், வந்து பார், உன்ர பேரும் இருக்கும் எண்டு."

தாளில் மூன்று வரி. 'மகள் சிவமலர். மருமகன் ரெங்கசாமி. பேத்தி' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும்.

"பேத்தி பேரு ஆன்டி?"

குணபூசணி வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தார். "தெரியாது பிள்ளை. ஒரு பேத்தியின் பாட்டனார் எண்டு போடும்."

தங்கமணியின் வாயில் எப்போதும் ஒரு கிண்டல் ஊறிக்கொண்டே இருக்கும். அன்று எதுவும் ஊறவில்லை. அவர் முன்னாலேயே அந்த வரியைச் சேர்த்தாள். 'கனகலிங்கம்2' என்று பெயர் கொடுத்து இயந்திரத்திலேயே சேமித்தாள். திரையில் மகளின் பெயரைப் பார்த்த குணபூசணி, திரையைத் தொட்டால் அழிந்துவிடுமோ என்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாட்காட்டித் தாளைச் சின்னையா வாங்கித் தம் மேசைக் கம்பியில் குத்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலர் இயந்திரத்துக்குப் போக வேண்டும். சின்னையா இருபத்து நான்கு பக்கத்தையும் மறுபடியும் வாசித்தே தீருவேன் என்று தாளை நீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அங்கிள், நீங்க கமா கமான்னு வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவருக்கு வருஷத் திவசமே வந்துரும். நான் ஒப்பு போட்டு அஞ்சே நிமிஷத்துல முடிக்கறேன். பந்தயம்?"

"மெஷினு வாசிக்குமாமா?"

"வாசிக்காது, பாக்கும். உங்களுக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா?"

அச்சுக் கோக்கிறவர், தாள் வெட்டுகிறவர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கூட்டம் கூடினால் தங்கமணிக்குக் கிறுக்குப் பிடிக்கும். சின்னையா கைகழுவப் போன நேரம், அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். அவர் திரும்பி வந்து மேசையைத் தடவ, கூட்டம் சிரித்தது.

பழைய பக்கம் டிஸ்கெட்டில் இருந்தது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் இயந்திரத்தில் இருக்க வேண்டுமே. டிஸ்கெட்டைச் செருகி, அதிலிருந்ததைக் 'கனகலிங்கம்1' என்ற பெயரிலேயே இயந்திரத்துக்குள் நகல் எடுத்தாள். பிறகு கறுப்புத் திரையில், எல்லோரும் பார்க்க, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். ஒப்பு, கனகலிங்கம்1, கனகலிங்கம்2.

பக்கம் பக்கமாக வந்தது. எழுத்துகள் எறும்பு அளவுதான். ஆனால் எழுத்தை யார் பார்த்தார்கள்? எல்லோரும் கலரைத்தான் தேடினார்கள். சிவப்பு இல்லை. நீலம் இல்லை. இருபத்து நான்கு பக்கமும் சுத்தக் கறுப்பு.

"பாத்தீங்களா? ஒரு பொட்டு கலர் இல்ல!" தங்கமணி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கைதட்டினார்கள்.

சின்னையா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்தார். "அந்த அம்மா சேக்கச் சொன்ன வரி வந்திருக்காமா?"

"எல்லாம் வந்திருக்கு அங்கிள். தோத்துட்டீங்க, ஒத்துக்குங்க லா."

ராதாகிருஷ்ணன் வழக்கம்போல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான்கு மணிக்குப் பிஸ்கட் எடுக்கக் கை விட்ட சின்னையாவின் கையில் கண்ணாடி வந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டபோது முந்நூறு பிரதியும் அச்சாகி முடிந்திருந்தன.

முப்பத்தோராம் நாள் மலர்க் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் தங்கமணிதான். வேலைக்காக இல்லை. அந்த மகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. தெருமுனையில் ஒரு மண் லோரி நின்றது. கதவில் 'ரெங்கசாமி, தெலோக் பூலாய், கிள்ளான்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி, கீழே வீட்டு எண்ணும் போட்டிருந்தது. ஓட்டுநர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சிவமலர் கடைசி வரிசை நாற்காலியில் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மலர் கைக்கு வந்ததும் தேவாரத்தைத் தள்ளினாள், படத்தைத் தள்ளினாள், அந்தப் பக்கத்துக்கு வந்தாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அடிவரை போய், மறுபடியும் மேலிருந்து இறங்கினாள்.

தங்கமணி கட்டிலிருந்து ஒன்றை உருவித் திறந்தாள். 'விநாயகமூர்த்தியின் பாசமிகு தந்தையும்.' அப்புறம் முற்றுப்புள்ளி. சின்னையா வாசித்திருந்தால் அந்தப் புள்ளியைச் சத்தமாகச் சொல்லியிருப்பார்.

சிவமலர் மலரை மூடி நாற்காலியில் வைத்தாள். தாயைப் பார்த்தாள். குணபூசணி அதற்குள் தாமும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார். அவர் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தாய் ஏமாற்றிவிட்டாள் என்று மகள் நினைத்தாள். மகன் எடுத்துவிட்டான் என்று தாய் நினைத்தார். தாயே மனசு மாறிவிட்டாள் என்று மகன் நினைத்திருக்கலாம்.

"சிவமலர், சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை" என்று குணபூசணி எழுந்தபோது அவள் கூடாரத்தைத் தாண்டிவிட்டாள். லோரி உறுமிக் கிளம்பியது.

ஒரு வாக்கியம் போதும். 'தப்பு அச்சகத்துல நடந்தது.' கூடாரத்தின் நடுவில் நின்று சொல்லியிருக்கலாம். அங்கே இருந்தவர்களில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரோ அவள் கையில் ஒரு வடையைக் கொடுத்தார்கள். தங்கமணி அந்த வடையைத் தின்றாள். முழுசாகத் தின்று, கையையும் துடைத்துக்கொண்டு, வேனில் ஏறி வந்துவிட்டாள். அந்த வடையை மட்டும் பிறகு அவளால் யாரிடமும் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

அச்சகத்துக்கு வந்ததும் விஜயனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேரு குடுத்தேன். ஒண்ணு, ரெண்டு. நல்லாத்தான் குடுத்தேன்."

"முழுப் பேரா? கனகலிங்கம்னா இங்கிலீஷ்ல பன்னெண்டு எழுத்து. மெஷின் முதல் எட்டு எழுத்தைத்தான் எடுத்துக்கும், மிச்சத்தைச் சொல்லாம கொள்ளாம வெட்டிடும். உன் ஒண்ணும் ரெண்டும் வெட்டுல போயிருச்சு. அதுக்கு ரெண்டுமே 'கனகலி'தான்."

"அப்ப அன்னிக்கு நான் டிஸ்கெட்லேருந்து எடுத்தது..."

"புதுசு மேல பழசைப் போட்டு அழிச்சிட்ட. அப்புறம் பழசைப் பழசோடயே ஒப்பிட்டிருக்க. அச்சுக்குப் போனதும் அந்தப் பழசுதான். ஆமா, ஒரு வரி சேத்தேன்னு சொன்னியே, அந்த எடத்துல நீலம் வந்திருக்கணுமே? வரலன்னா அப்பவே சந்தேகம் வரவேணாமா? அன்னிக்கு நான் சொல்ல வந்தது அதானே. கலர்னா தப்பு இல்ல. கலர்னா மாத்தம்."

போனை வைத்தாள். அதுவரை எட்டு எழுத்துக்குள் அடங்குகிற கோயில் நோட்டீஸ் அம்மன்களும் முருகன்களும்தான் ஒப்புக்குப் போயிருந்தார்கள். நீளமான பெயர் வைத்துக்கொண்ட முதல் மனிதர் கனகலிங்கம்தான். ஆனால் அதையெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. இயந்திரம் அவளிடம் சொல்லித்தான் இருந்தது. இருபத்து நான்கு பக்கம், ஒரு பொட்டு நீலம் இல்லாமல். அவள் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ராதாகிருஷ்ணனிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். "யாராவது கம்ப்ளேன் பண்ணாங்களா? இல்லல்ல? அவங்க குடும்பத்துக்குள்ள ஏதோன்னு நினைச்சுட்டுப் போயிருவாங்க. நீயா வாயத் தொறக்காத. சும்மா இரு லா."

அவர்கள் குடும்பத்துக்குள் ஏதோ என்று நினைத்ததுதானே விஷயம்.

சின்னையாவிடம் போய் நின்றாள். கண்ணாடியை எடுத்து ஒளித்தது தான்தான் என்றாள். "தெரியும்மா. டின்னை நீதான் அப்படி இறுக்கி மூடுவ" என்றார். அப்புறம், "நான் கேட்டேன்ல அன்னிக்கு" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். அவர் கம்பியிலிருந்து நாட்காட்டித் தாளை உருவி, குத்திய ஓட்டையை நகத்தால் தடவிச் சமன் செய்து கொடுத்தார்.

சனிக்கிழமைதோறும் ஜெஞ்சாரோமுக்குப் போகக் கிள்ளானில்தான் பஸ் மாறுவாள். அந்தச் சனிக்கிழமை மாறவில்லை. தெலோக் பூலாயில் லோரி நிற்கிற வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சிவமலர் கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்றாள்.

"யாரு?"

"அச்சகத்துலேருந்து வரேங்க்கா. அந்த மலர்ல உங்க பேரு... அது என் தப்பு. உங்கம்மா சேக்கச் சொன்னாங்க. நான் சேத்தேன். அப்புறம் நானே அழிச்சிட்டேன். வேணும்னு இல்ல."

"சேத்தியாம், அழிச்சியாம்." சிவமலர் சிரித்தாள், அது சிரிப்பு இல்லை. "அம்மா அனுப்பினாங்களா? அண்ணனைக் காப்பாத்தவா, தன்னைக் காப்பாத்திக்கவா?"

"யாரும் அனுப்பலக்கா. எங்க பாஸ் போகாதன்னுதான் சொன்னாரு."

"பாரும்மா, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமா சொல்லணும்."

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி நம்பவைத்தவள் தங்கமணி. உண்மை சொல்லி நம்பவைக்கப் பழக்கமில்லை. கம்பிக்கு நடுவே நாட்காட்டித் தாளை நீட்டினாள். கூடவே மலரையும், அந்தப் பக்கத்தை விரித்தபடி.

சிவமலர் இரண்டையும் வாங்கி உள்ளே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இங்கே பார்த்தாள், அங்கே பார்த்தாள். தாளை எடுத்து மலரின் பக்கத்து மேலேயே வைத்து, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அம்மா ரகரம் எழுதினால் அதன் கால் நீண்டு கீழ்வரியைப் போய் இடிக்கும். இந்தத் தாளிலும் இடித்திருந்தது. மலரில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்தப் பென்சில் எழுத்து நின்றது.

வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"இதென்ன, பேத்தின்னு போட்டு ஒரு கோடு?"

"பேரு தெரியாதுன்னு சொன்னாங்கக்கா."

சிவமலர் உள்ளே திரும்பி, "பாப்பா, பென்சில் எடுத்துட்டு வா" என்றாள். முதல் வகுப்புப் படிக்கிற பெண் ஓடிவந்தது. முன்பல் இரண்டு இல்லை. கோட்டின் மேல் உன் பேரை எழுது என்றதும், பென்சிலை நாக்கில் தொட்டு, எழுதி, தப்பென்று விரலால் தேய்த்து, மறுபடியும் பெரிதாக எழுதியது. தேன்மொழி. கோடு போதாமல் கடைசி எழுத்து கீழே சரிந்தது.

"இதைக் கொண்டுபோய் எங்கம்மா கையில குடு" என்றாள் சிவமலர். "எப்படி ஆச்சுன்னு அவங்ககிட்டயும் உன் வாயால சொல்லிட்டுக் குடு. எல்லாத்தையும்."

தங்கமணி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அன்று ஜெஞ்சாரோமில் அவளுக்காக எடுத்து வைத்த சோறு ஆறிப்போனது.

ஸ்காட் சாலை வீட்டில் கூடாரத்தைப் பிரித்திருந்தார்கள். குணபூசணி வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தங்கமணி நின்றபடியே சொன்னாள். எட்டு எழுத்து, டிஸ்கெட், கூட்டம், கைதட்டல், கண்ணாடி. வடையையும் சொன்னாள். "உங்க மகன் எடுக்கல ஆன்டி. நான்தான்."

குணபூசணி உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார். "அண்டு முழுக்க அவனோட கதைக்கேல்லை நான்" என்றார் கடைசியில். "இண்டைக்கும்." தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"என்ர கண்ணாடியை எங்கயோ வச்சிட்டன். நீரே வாசியும்."

கண்ணாடி. தங்கமணி படியில் உட்கார்ந்தாள். சின்னையா வாசிக்கிற மாதிரி, ஒன்றையும் விடாமல், சத்தமாக வாசித்தாள்.

"மகள் சிவமலர், முற்றுப்புள்ளி. அடுத்த வரி. மருமகன் ரெங்கசாமி, முற்றுப்புள்ளி. அடுத்த வரி. பேத்தி..." தங்கமணி இருமிக்கொண்டாள். "பேத்தி, தேன்மொழி."

"இன்னொருக்கால் வாசியும்" என்றார் குணபூசணி.